பிஸ்டல் மேல 'சிவப்புப் புள்ளி' - இது லேசரா, லென்சா? திருச்சியில் துப்பாக்கி லைசென்சு வைத்திருப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சங்கதி!

திருச்சி:

மலைக்கோட்டை மாநகருக்கு துப்பாக்கி புதுசு இல்லை. 1751, 1752-ல் மலைக்கோட்டைக்குள் முகமது அலி, வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சு படையும் என்று மாதக்கணக்கில் முற்றுகை நடந்த ஊர் இது. கடைசியில் பிரெஞ்சு படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. அந்தக் காலத்து வாசல் காவலின் பெயர்தான் 'மெயின்கார்டு கேட்' என்று இன்னமும் பஸ் கண்டக்டர் வாயில் ஒலித்துக் கொண்டிருக்கிறது.

இந்தக் காலத்துக்கு வந்தால், 1966-ல் தொடங்கிய துப்பாக்கி தொழிற்சாலை. திருவெறும்பூர், நவல்பட்டு வட்டாரத்தில் "அப்பா என்ன வேலை?" என்றால் "துப்பாக்கி பேக்டரி" என்று பதில் சொல்லும் வீடுகள் ஏராளம். இன்சாஸ் ரைபிள், 'டார்' எனப்படும் திருச்சி அசால்ட் ரைபிள், 'வித்வன்சக்' என்ற பெரிய சைஸ் ரைபிள் எல்லாம் இங்கே இருந்து போனவைதான். 2021 அக்டோபர் 1 முதல் நாட்டில் உள்ள 41 படைக்கல தொழிற்சாலைகளையும் 7 கம்பெனிகளாகப் பிரித்தபோது, கான்பூரை தலைமையிடமாகக் கொண்ட 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா' கம்பெனியின் கீழ் திருச்சி தொழிற்சாலை வந்தது.

ஆனால் துப்பாக்கி செய்யும் ஊர் என்பதற்காக துப்பாக்கி வைத்துக் கொள்வது சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. இப்போது செல்போனில் வரும் வீடியோக்களில் பிஸ்டல் மேலே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதில் சிவப்புப் புள்ளி தெரிய, டப் டப்பென்று சுடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம்மூர் லைசென்சுதாரர்கள் சிலருக்கும் ஆசை வருகிறது. அது என்ன சாமான், நம்ம ஊர் பிஸ்டலில் பொருந்துமா, பொருத்தினால் எப்படிப் பராமரிப்பது, எங்கே போனால் ஜெயில் என்று பார்ப்போம்.

லேசர் இல்லீங்க!

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்து விடலாம். சினிமாவில் வில்லன் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுமே, அது லேசர். இது அது இல்லை. இந்த 'ரெட் டாட்' கருவியில் இருந்து வெளிச்சம் எதுவும் எதிரே இருப்பவர் மேல் போய் விழாது. சுடுபவர் கண்ணுக்கு மட்டும்தான் புள்ளி தெரியும்.

உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. பல்பு. எதிரே லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பூசியிருக்கும் பூச்சு, சிவப்பு நிறத்தை மட்டும் திருப்பி கண்ணுக்கு அனுப்பும், மற்ற வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகவே எதிரே இருக்கும் குறி அப்படியே தெரிய, அதன் மேல் புள்ளி மிதப்பது போல இருக்கும். வளைவு காரணமாக அந்த ஒளி இணையாகத் திரும்புவதால், புள்ளி கண்ணாடியிலேயே ஒட்டிக் கொண்டிருப்பதாகத் தெரியாது, ரொம்ப தூரத்தில் நிற்பதாகத் தெரியும். சூட்சுமமே இதுதான்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. அயர்லாந்தில் டெலஸ்கோப் செய்துகொண்டிருந்த ஹோவர்டு கிரப் என்பவர் 1900-ம் ஆண்டு வாக்கிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பாட்டரி போட்ட சிவப்புப் புள்ளியை ஸ்வீடன் கம்பெனி 'எய்ம்பாயின்ட்' 1975-ல் கடைக்குக் கொண்டு வந்தது. அப்போது அது பெரிய குழாய் மாதிரி, ரைபிளுக்குத்தான் லாயக்கு. இப்போது தீப்பெட்டியில் பாதி சைசுக்கு சுருங்கி பிஸ்டல் தலையில் ஏறி உட்கார்ந்து விட்டது. அமெரிக்க ராணுவம் 2017-ல் தேர்வு செய்த புது பிஸ்டலிலேயே இதைப் பொருத்த இடம் விட்டு செய்திருக்கிறார்கள்.

40 வயசுக்கு மேல் அருமை தெரியும்

சாதாரண பிஸ்டலில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு மேடு. பின் பள்ளம், முன் மேடு, எதிரே குறி - மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மனுசக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். அதனால்தான் பயிற்சியில் "முன் மேட்டை மட்டும் தெளிவா பாரு, குறி மங்கலா இருந்தா பரவாயில்ல" என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

இளவட்டங்களுக்கு இது சரி. 40 தாண்டி பேப்பர் படிக்க கண்ணாடி தேடும் வயசு வந்துவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த முன் மேடே பஞ்சு மாதிரி தெரியும். சிவப்புப் புள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. குறியைப் பார்த்தால் போதும், புள்ளியும் அதே தூரத்தில் தெரியும்.

சரி, எல்லாருக்கும் சரிப்படுமா? படாது. கண்ணில் 'சிலிண்டர் பவர்' இருப்பவர்களுக்கு, டாக்டர்கள் அஸ்டிக்மாட்டிசம் என்பார்களே, அவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால் நட்சத்திரம் போல, சிதறிய மத்தாப்பு போலத் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. செல்போன் கேமராவில் அந்தப் புள்ளியைப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் கருவி சரி, கண்ணைத்தான் காட்ட வேண்டும்.

புள்ளிக்கும் சைஸ் உண்டு. 'எம்.ஓ.ஏ.' என்ற கணக்கில் சொல்வார்கள். 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. என்றால் சுமார் 2.9 சென்டிமீட்டர். 25 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர் சொச்சம். 6 எம்.ஓ.ஏ. புள்ளி என்றால் 25 மீட்டர் தூரத்து அட்டையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மறைக்கும் அளவு. பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், சின்னப் புள்ளி நுணுக்கமாகச் சுட உதவும்.

நம்ம ஊர் பிஸ்டலில் பொருந்துமா?

இங்கேதான் வீடியோ பார்த்தவர்கள் ஆசைக்கு முட்டுக்கட்டை விழுகிறது.

வீடியோவில் வருவது பெரும்பாலும் 9 எம்.எம். பிஸ்டல். என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் வைத்திருக்கும் குளோக் இந்த ரகம். ஆனால் ராணுவத்தின் 9 எம்.எம். தோட்டா போகும் எந்தக் கைத்துப்பாக்கியும் 2016 ஆயுத விதிகளின்படி சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. கலெக்டரோ, கமிஷனரோ கொடுக்கும் லைசென்சில் வருவது .32 போர் போன்றவைதான். மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி' பிஸ்டல், கான்பூரின் .32 ரிவால்வர், 2014-ல் பெண்களுக்கு என்று விளம்பரப்படுத்தி வந்த 'நிர்பீக்', 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வர் எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை பழைய டைப் பள்ளம், மேடு மட்டும் உள்ளவை. மேலே கண்ணாடி உட்கார இடமே கிடையாது.

வெளிநாட்டு பிஸ்டலை இறக்குமதி செய்யலாமே என்றால், 1980-களின் நடுவிலேயே பொதுஜனங்களுக்கு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். தேசிய அளவில் பெயர் எடுத்த துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் தனி வழி உண்டு. உள்நாட்டில் தனியார் கம்பெனிகள் உத்தரப்பிரதேசத்திலும் அரியானாவிலும் வெளிநாட்டு பெயரோடு கைத்துப்பாக்கி செய்ய ஆரம்பித்திருக்கின்றன. அதில் மேலே இடம் விட்ட மாடல் எது என்று லைசென்சு பெற்ற ஆயுதக் கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சிவப்புப் புள்ளி இருந்தால் ஒலிம்பிக் மெடல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இந்தக் கண்ணாடிக்கு அனுமதியே கிடையாது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் சாதாரண பள்ளம், மேடு வைத்து அடித்ததுதான். பக்கத்து புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் அதே பாரீசில் கலந்துகொண்ட டிராப் போட்டி, பறக்கும் தட்டை ஷாட்கன்னில் சுடுவது. அதிலும் புள்ளி கிள்ளி எதுவும் இல்லை. ஓடி ஓடிச் சுடும் 'ஐ.பி.எஸ்.சி.' மாதிரி போட்டிகளில் மட்டும் இதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது.

லேத் பட்டறைப் பக்கம் போயிடாதீங்க

திருச்சிக்காரர்களுக்கு இது முக்கியம். பெல் நிறுவனத்தை நம்பி அரியமங்கலம், துவாக்குடி பக்கம் லேத்தும் மில்லிங் மெஷினும் உள்ள பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. நூலிழை பிசகாமல் இரும்பைச் செதுக்கும் கை உள்ளவர்கள் நம்ம ஆட்கள். 'மேலே நாலு மில்லிமீட்டர் பள்ளம் எடுத்து, ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை போட்டா முடிஞ்சது' என்று தோன்றும்.

போட்டால் முடிந்தது கதை. 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி, துப்பாக்கியை ரிப்பேர் பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனியாக லைசென்சு வேண்டும். லைசென்சு இல்லாத பட்டறையில் அந்த வேலை நடந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. துப்பாக்கி லைசென்சு துப்பாக்கிதானே என்ற சமாதானம் எடுபடாது. பட்டறைக்காரர் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவராக இருந்தாலும் அதே பிரிவுதான். 'தெரிஞ்சவரு கேட்டாரு, செஞ்சு கொடுத்தேன்' என்று சொல்லி தப்பிக்க முடியாது.

ரிப்பேருக்கு கொண்டு போக லைசென்சுதாரரே போக முடியாத நிலை என்றால், அவர் கைப்பட எழுதிய கடிதத்தோடு வேறு ஆள் எடுத்துச் செல்ல சட்டத்தில் இடம் இருக்கிறது. அதுவும் ரிப்பேருக்கோ, லைசென்சு புதுப்பிக்கவோதான். மச்சான் கல்யாணத்தில் சுட்டுக் காட்ட அல்ல. கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்து சுட்டு யார் உயிருக்காவது ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சுத்தம் செய்வது எப்படி?

பொருத்தி விட்டாச்சு, இனி பராமரிப்பு. எந்த வேலைக்கும் முன்னால் முதல் வேலை: மேகசினை கழற்று, ஸ்லைடை பின்னுக்கு இழு, சேம்பருக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார், விரலாலும் தடவிப் பார். இந்த வரிசை மாறக்கூடாது. மேகசினை கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறிவிடும். 'காலி'ன்னு நினைச்ச துப்பாக்கி வெடிப்பது பாதி இப்படித்தான். தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் துணியை கையில் எடுக்க வேண்டும்.

குழாயை சால்வென்ட் தொட்ட பிரஷ்ஷால் பின்பக்கம் இருந்து தேய்த்து, துணித்துண்டு வெள்ளையாக வெளியே வரும் வரை இழுக்க வேண்டும். அப்புறம் துப்பாக்கி எண்ணெய் சொட்டு சொட்டாக. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக பிசின் மாதிரி இறுகி ஸ்லைடை மக்கர் பண்ண வைக்கும். எண்ணெயை வழிய வழிய ஊற்றுவதும் கெடுதல். மேலே உள்ள கண்ணாடியில் தெறித்து, பல்பின் மேல் படிந்து, புள்ளி இரண்டாகத் தெரியும்.

கண்ணாடிக்கு தனி கவனிப்பு. முதலில் ஊதி தூசியை விரட்டி விட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சு போய்விடும். பூச்சு போனால் புள்ளியும் மங்கும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் பக்கமே போகக் கூடாது.

ஸ்க்ரூதான் எமன். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் போய் முட்டி, முன்னால் வந்து முட்டும். அதன் மேல் சவாரி செய்யும் கண்ணாடிக்கு ஒவ்வொன்றும் சுத்தியல் அடி. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்க்ரூ தளரும், குறி எங்கேயோ போகும். நீல நிற திரெட் லாக் பசை ஒரு துளி விட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் அந்தப் பொடி ஸ்க்ரூவின் தலை கையோடு வந்துவிடும். இறுக்கிய பிறகு ஸ்க்ரூ தலையில் இருந்து கருவியின் உடம்பு வரை பெயின்டால் ஒரு கோடு. அப்புறம் எப்போது பார்த்தாலும் கோடு நேராக இருந்தால் சரி. பஸ் சக்கர நட்டில் மெக்கானிக் இழுக்கும் அதே கோடுதான் இது.

பாட்டரி பெரும்பாலும் 'சி.ஆர். 2032' அல்லது அதைவிட சின்ன வட்ட பாட்டரி. கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்குமே அதேதான். நல்ல கம்பெனி கருவிகள் 50 ஆயிரம் மணி நேரம் எரியும் என்கின்றன, கணக்குப் போட்டால் 5 வருஷத்துக்கும் மேல். ஆனால் அது நடுத்தர வெளிச்சத்தில். திருச்சி சித்திரை வெயிலில் புள்ளி தெரிய வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால் அந்தக் கணக்கு நிற்காது. வருஷத்துக்கு ஒரு தடவை, மறக்காத ஒரு தேதியில் மாற்றிவிடுவதே உத்தமம். பாட்டரி தீர்ந்தாலும் சுட வசதியாக பழைய பள்ளம், மேட்டையும் கழற்றாமல் விட்டு வைக்க வேண்டும்.

நம்மூர் வியர்வையும் காவிரிக் கரை ஈரமும் இரும்புக்கு ஆகாது. தோல் உறையிலேயே போட்டு பீரோவில் வைத்து விடுகிறார்கள் பலர். தோல் ஈரத்தை உறிஞ்சி துருவை வரவழைக்கும். உறையில் இருந்து எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பூட்டில் வைக்க வேண்டும். ஏ.சி. அறையில் இருந்து எடுத்து நேரே வெயிலுக்குப் போனால் கண்ணாடி பனி படர்ந்து புள்ளி மறையும். அஞ்சு பத்து நிமிஷம் பொறுத்தால் சரியாகிவிடும்.

ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. .177 போருக்கு மிகாமல், 20 ஜூலுக்குக் குறைந்த சக்தி உள்ள ஏர்கன்னுக்கு லைசென்சு தேவையில்லை, அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் சிவப்புப் புள்ளியை அதில் மாட்டுகிறார்கள். ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் உதறும். மலிவு கண்ணாடி சீக்கிரமே தலை தொங்கிவிடும். அதைவிட முக்கியம், அந்தப் பொடி குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். காக்கா, புறா என்று மரத்தைப் பார்த்துச் சுட்டு வனத்துறையிடம் மாட்டிக் கொள்ளவும் வேண்டாம்.

லைசென்சு யாருக்கு?

திருச்சி மாநகர எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர், வெளியே என்றால் கலெக்டர். 21 வயது முடிந்திருக்க வேண்டும். எதற்காகத் தேவை என்பதைச் சொல்லியாக வேண்டும். உடல், மன நலத்துக்கு டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதி, இதற்கு மேல் போலீஸ் விசாரணை. 2019 திருத்தத்தால் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மூன்று வருஷமாக இருந்த லைசென்சு காலம் ஐந்தாக ஆனது.

சுட்டுப் பழக ஆசை மட்டும்தான் என்றால் லைசென்சுக்கு அலைவதைவிட ரைபிள் கிளப் நல்ல வழி. கே.கே.நகரில் உள்ள திருச்சி ரைபிள் கிளப்புக்குத்தான் 2022 ஜூலையில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிக்கு வந்து, தெருவே திரண்டது. அவரது அணி 4 தங்கம், 2 வெண்கலம் வாங்கியது.

ஆனால் துப்பாக்கி லைசென்சு என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆகி வந்து, பேங்க் வாசலிலும் பணம் ஏற்றும் வேனிலும் நிற்கிறார்களே, அவர்களில் பலர் சொந்த லைசென்சு துப்பாக்கியோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த லைசென்சு புத்தகம்தான் சோறு. தேதி தாண்டினால் வேலையும் போகும், கையில் இருப்பது சட்டவிரோத ஆயுதமாகவும் ஆகிவிடும். லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் வரை தண்டனை உண்டு. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே மனு போட்டு, போட்டதற்கான சீட்டை பத்திரப்படுத்த வேண்டும்.

குடும்பத்தாருக்குத் தெரியாமல் போவது இன்னொன்று. லைசென்சுதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கி பீரோவிலேயே கிடக்கும். 'அவரு ஞாபகமா இருக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அப்படி வைத்திருப்பதே குற்றம். தாமதம் இல்லாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு ஒருவர் தன் பெயருக்கு லைசென்சு கேட்டு மனு போட 2016 விதிகளில் வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே 70 வயது ஆனவரோ, 25 வருஷம் வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் முடியும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பேங்க் காவலர்கள், போட்டி வீரர்கள் விலக்கு கேட்டு மனு போடலாம், அதற்கென்று உள்ள குழு முடிவு செய்யும். ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கி நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். மேலே சிவப்புப் புள்ளி கண்ணாடி இருந்தால் அதையும் ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் என்பதால் பாட்டரியை முன்னாடியே கழற்றிவிட்டுக் கொடுக்கலாம். திரும்ப வாங்கியதும் துருவைப் பார்த்து, ஸ்க்ரூ கோட்டைப் பார்த்து, ரேஞ்சில் நாலு குண்டு சுட்டு குறி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் உறையில் போட வேண்டும்.